நாகைச் சூடாமணி விகாரம்

நாகைக் காரோணம் வழிபடச் செல்லும் அன்பர்கள், அவ்வூரிற் சிறந்திருந்த புத்தப்பள்ளியையும் நினைதல் தகும். ஸ்ரீவிசய வேந்தன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்தது அது. தஞ்சைப் பெருங்கோயில் எடுத்த முதலாம் இராசராசன் தனது 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக ஈந்தனன். இதனை விளக்கும் செப்பேடுகள் ஒல்லாந்து சென்று லெய்டன் பெயர் பெற்றன. பௌத்தர் எழுப்பிய செங்கற்கோபுரமோ 1867-இல் இடிக்கப்பட்டது, என்னே இழப்பு! அகழ்ந்தெடுத்த புத்தத் திருவுருவங்கள் பல சென்னை அருட்காட்சிச்சாலையில் உள.

சிவபத்தனாகிய அரசன் புறச்சமயப் பள்ளிக்கு ஊர் ஈந்தது எங்ஙனம் என வினவுவாருளர். கொள்கையை மறுத்தல் வேறு. அறத்தைப் புரத்தல் வேறு. கொடையும் ஒருபாற் சென்றதன்று. ஸ்ரீவிசய வேந்தனின் முகவர் நாகையழகர் என்னும் வெள்ளித் திருமேனிக்கு அணிகலன் அளித்தமையை, இராசேந்திரன் காலத்துக் காரோணக் கல்வெட்டு இன்றும் கூறாநிற்கும்.