கடனும் வாக்கும்: உள்ளூராட்சி நிதியில் மக்களின் இடம்

உடுவிலில் 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவிய அமெரிக்க மிஷனரிமார், வரியையும் செலவையும் ஊர்க்கூட்டத்தில் வாக்கிட்டுத் தீர்மானிக்கும் நியூ இங்கிலாந்து மரபிலிருந்து வந்தோர். அவர்கள் கொணர்ந்த கல்வியும் அச்சும் யாழ்ப்பாணத்தில் வேரூன்றின; ஊர்க்கூட்ட மரபு வேரூன்றவில்லை. குடியேற்ற ஆட்சியின் கீழ் அதற்கு இடமிருக்கவில்லை.

அமெரிக்காவில் அம்மரபு பிணைமுறி வாக்கெடுப்பாக வளர்ந்தது. ஆண்டு வருமானத்தை மீறி நகரசபை கடன்பட மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவை என 1879ஆம் ஆண்டின் கலிபோர்னிய அரசியலமைப்பு விதித்தது. கடனின் நோக்கம், தொகை, உச்ச வட்டி என்பவற்றை வாக்காளர் முன் வைத்தல் அங்கு நகரசபையின் கடமையாயிற்று.

எனினும் இதனை முழுமையான மக்களாட்சி எனக் கொள்வது தவறாகும். பல மாநிலங்களில் ஆதன வரி செலுத்துவோரே இவ்வாக்கெடுப்பிற் பங்குகொள்ள முடிந்தது. பீனிக்ஸ் நகர வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 1970இலேயே இத்தடையை நீக்கியது. ஆதன வரியின் சுமை வாடகை வழியாகக் குடியிருப்போர் மீதும் விழுகின்றது என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. உடைமையாளரே வரியைச் சுமக்கின்றனர் என்ற வர்க்க மாயை அங்கு தகர்ந்தது.

இலங்கையில் நிலைமை வேறு. 1916ஆம் ஆண்டின் உள்ளூர்க் கடன் அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உள்ளூர் மன்றங்களுக்குக் கடன் வழங்க ஆணையாளர் சபையொன்றை அமைத்தது. மன்றம் விண்ணப்பித்தது, மேலிடம் தீர்மானித்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பின்னரும் இவ்வொழுங்கு மாறவில்லை. உடுவில் அடங்கும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கு அடிப்படையான 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் கடனுக்கு மேலிட அங்கீகாரத்தை வேண்டுகின்றதேயன்றி, வாக்காளர் சம்மதத்தை வேண்டுவதில்லை.

இது வெறும் நிருவாக நுணுக்கமன்று. கடன் எவ்வீதிக்கு, எக்கிணற்றுக்கு என்பது அதிகாரம் பற்றிய வினா. உடுவிலுக்கு அயலிலுள்ள சுன்னாகத்திலிருந்து 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கெதிராக ஊர்வலம் புறப்பட்டதை நினைவுகூரின் இது தெளிவாகும். பொதுக் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தோர், பொதுக்கடன் பற்றி எங்ஙனம் கேட்கப்பட்டிருப்பர்?

ஆதலின், வாக்கெடுப்பு முறையை அப்படியே இரவல் பெறுதல் போதாது. நோக்கம், தொகை, வட்டி, அடைக்குங் காலம், சுமை விழும் வர்க்கம் ஆகியவை எளிய தமிழில் எல்லார் முன்னும் வைக்கப்படல் வேண்டும். கடனை அடைப்பவர் எவரோ, அவரே அதனை முதலில் அறிதற்கு உரியவர்.