பினாங்கில் ஒரு வக்ஃபு நிலம்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனை நடந்தே காண வேண்டும். வழிகாட்டியுடன் நாம் சென்ற நடை கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் 1786இல் கரையிறங்கிய இடம் அது. கோட்டையில் நாம் அதிக நேரம் நிற்கவில்லை. பீரங்கிகளை எங்கும் காணலாம்!

முன்னர் பிட் தெரு எனப்பட்ட வீதியில் 1818இல் எழுந்த ஜார்ஜ் தேவாலயமும், சீனரின் குவான் யின் கோயிலும், சற்றுத் தள்ளிக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் உள்ளன. மத நல்லிணக்கத்தின் சான்றென்று இவ்வீதியைக் காட்டுவர், அது உண்மையே. ஆயினும் நம் மனம் பள்ளியின் முற்றத்திலேயே நின்றுவிட்டது.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, அங்கு சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, 'கப்பித்தானாக' நியமிக்கப்பட்டவர் காதர் முகைதீன் மரைக்காயர். அவர் 1801இல் இப்பள்ளியை நிறுவியபோது கம்பெனி அளித்த நிலம் 18 ஏக்கர் என்பர். இன்றுள்ள குவிமாடங்களும் மினாராவும் இருபதாம் நூற்றாண்டின் வேலைப்பாடுகள். அன்று பள்ளியைச் சுற்றி வீடுகளும் கடைகளுமாக ஒரு சிற்றூரே இருந்தது. வக்ஃபு நிர்வாகம் சீராக இல்லை எனக் காரணம் காட்டி, ஆங்கில அரசு 1905இல் சட்டமியற்றி, அறநிலைய வாரியம் ஒன்றின் கையில் அச்சொத்துக்களை ஒப்படைத்தது. அக்காரணத்தில் உண்மை அறவே இல்லை என்று நாம் வாதிட மாட்டோம். ஆனால் வாரியம் அச்சிற்றூரின் வீடுகளை அகற்றிச் சாலைகளும் கடைவீடுகளும் அமைத்தது, குடியிருந்தோர் கலைந்தனர். இன்று பயணிகள் வியந்து படமெடுக்கும் நேரான வீதிகளில் சில அவ்வாறு பிறந்தவை.

சூலியா தெரு முனையில், நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக அமைந்த தர்கா உள்ளது. அங்கு அடக்கத்தலம் கிடையாது. அச்சே தெருவில் 1808இல் நிறுவப்பட்ட பள்ளியைச் சுற்றித்தான் கப்பற்காலத்து ஹாஜிகள் தங்கிப் பயணத்திற்குக் காத்திருந்தனர்.

யுனெஸ்கோ 2008இல் இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதற்குமுன்பே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000ஆம் ஆண்டு பிறந்ததும், பழங்குடித்தனக்காரர் பலர் வீடுகளைக் காலி செய்திருந்தனர். முகப்புகள் பாதுகாக்கப்பட்ட தெருக்களில், மாலையில் திண்ணையில் அமர்ந்து பேசுவோர் குறைவு.

வழிகாட்டியின் பட்டியலில் கப்பித்தானின் அடக்கத்தலம் இல்லை. நாம் கேட்டதன் பேரில் அருகிலுள்ள கம்போங் கோலம் தெருவுக்கு அழைத்துச் சென்றார். ஃபாத்திஹா ஓதி, அஸருக்குப் பள்ளி திரும்பினோம்.