கல்கத்தாத் துறையில் இறங்கிய கம்பளி மூட்டைகள்

கொல்கத்தாவில் குளிர்காலம் பிறந்ததும் வெல்லிங்டன் சதுக்கத்து நடைபாதையில் கம்பளிக் கடைகள் வரிசையாக எழுகின்றன. மலைநாட்டு வணிகர்கள் விரித்துவைக்கும் சால்வை, ஸ்வெட்டர், கையுறை ஆகியவற்றினிடையே ‘மங்கி டுப்பி’ எனப்படும் குரங்குக் குல்லாய்க்குத் தனி மதிப்பு உண்டு. மிகக் குளிர்ந்த இரவிலும் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஒரு நகரத்தில் வங்காளிகள் இக்குல்லாயை அணிவது பிற மாநிலத்தாரின் நகைப்புக்கு நெடுங்காலமாக இடமளித்து வருகிறது. ஆனால் கிரிமியப் போர் நடந்த பாலக்லாவா என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய அதே குல்லாய்தான் ஸ்காட், ஷாக்கிள்டன் ஆகியோரின் அண்டார்க்டிகப் பயணங்களிலும் தலைகளைக் காத்தது. உறைபனி நிலங்களுக்கான உடைமூட்டைகளின் வரலாற்றில் கல்கத்தாவுக்கு ஓர் இடம் உண்டு என்பதும், அவ்விடம் நகைப்புக்குரியது அன்று என்பதும் பலர் அறியாதவை.

அவ்வரலாற்றின் முதற்செய்தி மனிதரைப் பற்றியது அன்று. இந்தியாவின் தலைநகராகக் கல்கத்தா இருந்த கடைசி ஆண்டுகளில் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்திற்காக இந்திய அரசிடம் கோவேறு கழுதைகள் கேட்கப்பட்டன. குலாப், பேகம், லால் கான் முதலிய பெயர்களைக் கொண்ட ஏழு விலங்குகள் 1912-இல் அண்டார்க்டிகாவில் இறங்கின. அவற்றுக்குப் பனியில் நடக்கும் காலணிகளும், கண்கூச்சத்தைத் தடுக்கும் நிறக்கண்ணாடிகளும் இந்தியாவிலேயே செய்து அனுப்பப்பட்டிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 12 அன்று ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டெடுத்த தேடற்குழுவுடன் சென்றவை இவையே.

துருவங்கள் இரண்டையும் பிறர் அடைந்துவிட்ட பின்னர், ‘மூன்றாம் துருவம்’ என்று பெயரிட்டு எவரெஸ்ட்டை நோக்கி ஆங்கிலேயர் திரும்பினர். இங்கேதான் கல்கத்தா கதைக்குள் முழுமையாக நுழைகிறது. 1921 ஏப்ரலில் ‘சார்டினியா’ என்னும் கப்பலில் ஜார்ஜ் மாலரி தனியராக இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு மே மாதம் கல்கத்தாவை அடைந்தார். பயணக்குழுவின் தளவாடங்களில் பெரும்பகுதி அவருடன் வந்தது. வங்கத்தின் மே மாதப் புழுக்கத்தில், வேர்வை வழியும் துறைமுகத் தொழிலாளர்களின் தோள்களில் கம்பளியும் மென்மயிர்க் கையுறைகளும் பனிக்கோடரிகளும் இறங்கின. அங்கிருந்து சியால்தா, சிலிகுரி, பின்னர் இரண்டடி அகல மலைரயிலில் டார்ஜிலிங் என மூட்டைகள் ஏறிச் சென்றன. டார்ஜிலிங்குக்கு அப்பால் அவற்றைச் சுமக்க இந்திய ராணுவம் தந்த நூறு கோவேறு கழுதைகள் சமவெளியில் கொழுத்தவை. மலைப்பாதையில் சில நாள்களிலேயே அவை தளர்ந்து விழ, திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஸ்காட்டுக்குப் பயிற்றுவித்து அனுப்பிய அதே ராணுவம் தன் வாசற்படியில் தவறியது விந்தைதான்.

மூட்டைக்குள் இருந்தவற்றைப் பார்ப்போமாயின் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஆங்கிலேய உறுப்பினர்கள் தத்தம் உடைகளைத் தாமே தேர்ந்தெடுத்தனர். பட்டு, பருத்தி, கம்பளி ஆகியவற்றை அடுக்கடுக்காக அணிந்து, மேலே காற்றுப்புகாத காபர்டீன் மேலங்கியைப் போர்த்திக்கொள்வது அவர்கள் முறை. சுமைதூக்கிகளான ஷெர்பாக்களும் பூட்டியாக்களும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. காலணி, கம்பளம், கம்பளிக் குல்லாய், கையுறை என வழங்கப்பட்டதைப் பெற்றுக்கொண்டனர். வழங்கவே இல்லை என்று பழிப்பது பிழையாகும், வழங்கப்பட்டது. ஆனால் எவருடைய அளவுக்கு எது பொருந்தும் என்று முடிவுசெய்தவர், அதை அணிந்து ஏறியவர் அல்லர்.

1922-இல் இரண்டாம் பயணத்தின்போது உறுப்பினர்களுக்குள்ளேயே உடையைப் பற்றிய பூசல் எழுந்தது. வேதியியலாளரான ஜார்ஜ் ஃபிஞ்ச், பலூன் செய்யும் துணிக்குள் வாத்தின் மென்தூவியை நிரப்பித் தமக்கென ஓர் அங்கியைத் தைத்துவந்தார். தூவிகளுக்கிடையே சிறைப்படும் அசையாத காற்றே உடல்வெப்பத்தைக் காக்கிறது என்பது அதன் தத்துவம். சக உறுப்பினர்கள் அதை ஏளனம் செய்தனர். குளிர் கடுமையானபோது ஏளனம் பொறாமையாயிற்று. மே 27 அன்று ஃபிஞ்சும் ஜெஃப்ரி புரூஸும் ஏறத்தாழ 8,300 மீட்டரை எட்டினர். அதற்குமுன் மனிதர் எவரும் அவ்வுயரத்தை அடைந்ததில்லை. ஆக்சிஜனுக்கும் அதில் பங்குண்டு. சில நாள்களுக்கு முன்னரே இந்திய நில அளவைத் துறையின் ஹென்றி மோர்ஸ்ஹெட் பனிக்கடிக்கு ஆளாகியிருந்தார்; அதனால் பின்னர் விரல் நுனிகளை இழந்தார். இன்று துருவச் சுற்றுலாப் பயணிகள் அணியும் தூவிநிறை அங்கிகள் யாவும் ஃபிஞ்சின் அந்த அங்கிக்கு உறவுடையவை. அவரை 1924 பயணத்திற்கு அழைக்கவில்லை.

அந்த 1924 பயணத்தில் மாலரியும் இர்வினும் மறைந்ததை உலகம் அறியும். மான் பகதூரை அறிந்தவர் சிலரே. அவர் பயணக்குழுவின் சக்கிலியர். அதாவது பிறர் பாதங்கள் உறையாதபடி பூட்ஸ்களைச் செப்பனிட அமர்த்தப்பட்டவர். கணுக்கால்வரை இரு பாதங்களும் உறைந்துபோய் அவர் உயிரிழந்தார். காலணியின் நுட்பம் அறிந்த கைகளே அக்குழுவில் அவருடையவைதாம். தம் கால்களுக்கு அவர் எதை அணிந்திருந்தார் என்பதை நூலாசிரியர்கள் ஆராயவில்லை. மாலரியின் உடையோ இழை இழையாக ஆராயப்பட்டது. 1999-இல் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டபின், கிடைத்த துணித் துண்டுகளைக் கொண்டு அதேபோன்ற உடைகள் நெய்யப்பட்டு, 2006-இல் எவரெஸ்ட்டில் அணிந்து சோதிக்கப்பட்டன. அவை இலேசானவை, கதகதப்பானவை, அசைவுக்கு இசைந்தவை என்பது தெரியவந்தது. எனவே அக்காலத்துத் துணி ஒட்டுமொத்தமாகக் குறையுடையது என்ற பழைய முடிவு இனி நிற்காது.

1921 பயணத்தில் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஏ. எம். ஹெரான் இடம்பெற்றிருந்தார். அவர் மண்ணைத் தோண்டியதால் தீய ஆவிகள் கிளர்ந்தெழும் எனத் திபெத்தியர் முறையிட்டதன் விளைவாக, அடுத்த பயணத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கம்பளிக்கு இல்லாத தடை அவருடைய சுத்தியலுக்கு வந்தது. அத்துறையின் சுத்தியல் மீண்டும் இக்கதையில் வரும்.

1953 மே 29 அன்று டென்சிங் நோர்கே எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அணிந்திருந்தவை ஓர் உறவுப் பட்டியலைப் போன்றவை. பூட்ஸ்கள் சுவிட்சர்லாந்துக் குழுவுடன் சென்றபோது கிடைத்தவை. காலுறைகள் மனைவி ஆங் லாமு பின்னியவை. ஸ்வெட்டர், டார்ஜிலிங்கில் இமாலயச் சங்கப் பணியை நடத்திய திருமதி ஹெண்டர்சனின் அன்பளிப்பு. கழுத்துத்துணி, முந்தைய ஆண்டில் உடன் ஏறிய ரேமண்ட் லாம்பெர்ட் தந்தது. தலையில் இருந்த கம்பளிக் குல்லாய், 1947-இல் அனுமதியின்றித் திபெத்துக்குள் அவருடன் சென்ற ஏர்ல் டென்மன் விட்டுச்சென்றது. அதாவது அது, வெல்லிங்டன் சதுக்கத்துக் குல்லாயின் இனத்தைச் சேர்ந்தது. அவர் பனிக்கோடரியில் கட்டியிருந்த இந்தியக் கொடியைக் கொடுத்தவர் ரவீந்திரநாத் மித்ரா என்னும் வங்க இளைஞர். வழங்கியதைப் பெற்றுக்கொண்ட சுமைதூக்கியின் மரபில் வந்தவர்தாம் டென்சிங். எனினும் இம்மூட்டையை யாரும் அவருக்கு அளந்து கொடுக்கவில்லை. அவரே சேர்த்தது அது.

அடுத்த ஆண்டே டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. களப்பயிற்சிக்கு டென்சிங் பொறுப்பேற்றார். அங்கே அவரிடம் பயின்ற கல்கத்தாப் பெண்களுள் ஒருவர் சுதீப்தா சென்குப்தா. யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலும் பணியாற்றியவர். 1983 டிசம்பரில் கோவாவிலிருந்து ‘ஃபின்போலாரிஸ்’ கப்பலில் புறப்பட்ட மூன்றாம் இந்திய அண்டார்க்டிகப் பயணத்தில் அவரும் கடலியலாளர் அதிதி பந்தும் இடம்பெற்றனர். அக்கண்டத்தில் இந்தியக் குழுவுடன் கால்வைத்த முதல் பெண்கள் இவர்கள்.

இதன் பொருளை உணரச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். அமெரிக்கக் கடற்படை 1969 வரை பெண்களை அண்டார்க்டிகாவுக்கு ஏற்றிச்செல்ல மறுத்துவந்தது. தங்குமிடமும் கழிப்பறையும் ஆண்களுக்கென்றே அமைந்தவை என்பது அக்காலத்தில் அடிக்கடி கூறப்பட்ட காரணம். கப்பலில் என்ன ஏற்றப்படவில்லையோ, அதுவே யார் ஏறக்கூடாது என்பதற்கு ஆதாரமாக்கப்பட்டது. பட்டியலை எழுதியவர் தாம் மறந்ததைக் காரணமாகக் காட்டி வாயிலை அடைத்த கதை இது.

சென்குப்தாவின் களம் ஷிர்மாகர் குன்றுகள். புவியியலாளருக்குக் குளிர் தரும் தொல்லை தனித்தன்மை உடையது. பாறையின் சாய்வைத் திசைகாட்டியால் அளக்கவும், குறிப்பேட்டில் எழுதவும், மாதிரியில் எண்ணிடவும் விரல்கள் வேண்டும். தடித்த கையுறைக்குள் விரல் இருந்தால் எழுத்து வராது; வெளியே வந்தால் காற்று விடாது. ஆகவே மெல்லிய உட்கையுறையும் அதன்மேல் கழற்றி மாட்டத்தக்க தடித்த உறையும் என இரட்டை அடுக்கைத் துருவக் களப்பணியாளர் கைக்கொள்வர். ஒரு காட்டுப்பூனையின் விழிப்போடு நேரத்தையும் கணக்கிடுவர். வியர்க்க விடாமல் நடப்பதும் அவ்வளவே இன்றியமையாதது. உள்ளாடையில் தங்கிய ஈரம், நின்ற மறுகணமே உடல்வெப்பத்தை உறிஞ்சிவிடும். அடுக்குகளைக் கழற்றிப் போடும் முறை மாலரியின் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை.

தம் பயணத்தை அவர் வங்காளத்தில் ‘அண்டார்க்டிகா’ என்ற நூலாக எழுதினார். 1989-இல் மீண்டும் அங்குச் சென்றார். அதற்குள் இந்தியாவின் இரண்டாவது நிலையமான ‘மைத்ரி’ அவர் ஆராய்ந்த ஷிர்மாகர் குன்றுகளின் பாறைமீதே எழுந்திருந்தது. அவருடைய முதற்பயணத்தின்போது பனித்தட்டின்மேல் கட்டப்பட்ட ‘தட்சிண் கங்கோத்திரி’ சிறிது சிறிதாகப் பனிக்குள் புதைந்து, 1990-இல் கைவிடப்பட்டுத் தளவாடக் கிடங்காயிற்று.