பிரஷருக்கு யார் கதவைத் தட்டுவது?

நமது ஊர்களில் மிட்வைஃப் வீட்டுக்கு வந்தால் ஆம்பிளைகள் எழும்பி வெளியே போய்விடுவார்கள். அது பிள்ளைப்பேற்றுச் சங்கதி, நமக்கென்ன என்ற நினைப்பு. இந்த நினைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

1926இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வருத்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திராமல் உத்தியோகத்தரே வீடு தேடிப் போவதுதான் அதன் புதுமை. அந்த வழியில் வந்த மிட்வைஃபின் வேலை கர்ப்பிணியும் சிசுவும். தாய், சேய் மரணங்கள் குறைந்ததில் அவர்களுடைய நடைக்குப் பெரும் பங்குண்டு.

பிரஷர் அந்த ஏற்பாட்டுக்குள் வரவேயில்லை. அளக்கத் தெரியாமலல்ல, கைப்பட்டியும் ஸ்டெதஸ்கோப்பும் கொண்டு அளக்கும் முறையை ரஷ்ய வைத்தியர் கொரட்கோவ் 1905இலேயே சொல்லிவிட்டார். ஆனால் வளர்ந்தவரின் நோய் ஆஸ்பத்திரிக்கும் மருந்தகத்துக்கும் உரியதாயிற்று. நோயாளியே வரவேண்டும். காய்ச்சல்காரன் வருவான், பிரஷர்காரனுக்கு நோவில்லையே! "எனக்கு ஒண்டும் செய்யல்ல, என்னத்துக்குக் குளிசை?" என்பார் வாப்பா. விடியக்காலை நம்பர் எடுத்து, அரைநாள் உழைப்பை விட்டு இரண்டு மூன்று கிளினிக் போவார். தலைச்சுற்று நின்றதும் கொப்பி அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். மருந்து இலவசம்தான், நாள் இலவசமில்லை.

2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நோவு வருமுன்னரே பரிசோதிக்க முயன்றன. நல்ல முயற்சி. அங்கும் போனவர்களில் பெரும்பாலோர் பெண்களே. நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் ஆண்கள் கடையிலோ வயலிலோ கடலிலோ இருந்தார்கள்.

2016இல் பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 கிராமியப் பகுதிகளில் பிரஷர் உள்ள 2645 பேரிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பகுதிகளில், மூன்று மாதத்துக்கொருமுறை சுகாதார ஊழியர் வீட்டுக்கே போய் அளந்து, புத்தி சொல்லி, கட்டுப்படாதவரைப் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் அனுப்பினார். இலங்கையில் அந்த ஊழியர் யார்? அதே மிட்வைஃப்தான். இரண்டு வருடத்தில் மேல் அழுத்தம், வழமையான சிகிச்சை பெற்றவர்களை விட ஏறத்தாழ 5 மி.மீ. கூடுதலாக இறங்கியது. கட்டுப்பாட்டுக்குள் வந்தோர் 53 வீதம். மற்றப் பக்கம் 44 வீதம். புது மருந்தொன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1926இன் பழைய யுக்திதான்.

பாதிப் பேருக்கு அப்படியும் கட்டுப்படவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. ஏற்கெனவே சுமை தாங்கும் மிட்வைஃபின் தலையில் இதையும் ஏற்றுவது நியாயமா என்பது வேறு கேள்வி. நம் ஊர்களுக்கு ஆண் ஊழியர் ஒருவர், ஜும்ஆவுக்குப் பின் பள்ளி வளவில் ஒரு மேசை போட்டு அளந்தாலும் போதும் என்று எனக்குப் படுகிறது. வெள்ளிக்கிழமை வாப்பா அங்கேதான் இருப்பார்.