மதில் சூழ்ந்த நம்ம ஊர்



வெளிநாடு போய் வரும் நம் நண்பர்கள், பிரான்ஸ் தேசத்துக் கார்கசோன் நகரத்தின் போட்டோக்களைக் காட்டுவார்கள். இரட்டை மதில், கோபுரங்கள், குறுகிய தெருக்கள். அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: “ஏம்ப்பா, சித்திரை வீதியை ஒரு தடவையாவது நடந்து சுத்தியிருக்கியா?”

ஏழு மதில்கள், 21 கோபுரங்கள், 156 ஏக்கர். ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குள்ளேதான் ஊர். சத்திரம் பஸ் நிலையத்தில் 1-ஆம் நம்பர் பஸ் ஏறி, ராஜகோபுரத்தில் இறங்குங்கள். 236 அடி உயரம். சுமார் நானூறு ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்றது, 1987 மார்ச்சில்தான் முழுமை பெற்றது. அதன்பின் வெளியிலிருந்து உள்ளே நடங்கள்: அடையவளஞ்சான், சித்திரை, உத்தர வீதிகள். வீடுகளும் கடைகளும் தேர் ஓடும் தெருக்களும் இவை. சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களையும், வேணுகோபாலன் சந்நிதியின் சுவர்ச் சிற்பங்களையும் அவசரமில்லாமல் பாருங்கள்.

கிழக்கே வெள்ளைக் கோபுரம். படையெடுத்து வந்த தளபதியை மேலே அழைத்துப் போய்க் கீழே தள்ளி, தானும் குதித்து உயிர்விட்ட வெள்ளையம்மாளின் கதையை ஊரார் சொல்லுவாங்க. 1323 படையெடுப்பின்போது ஊரைவிட்டுப் போன அரங்கன் திரும்பி வந்தது 1371-இல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

பிரெஞ்சுக்காரர் இங்கேயும் வந்தார்கள். கர்நாடகப் போரில், ஜாக் லா தலைமையில் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பின் படையும் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் கோயில் மதில்களையே கோட்டையாக்கிக் கொண்டன. லாரன்ஸும் கிளைவும் வழிகளை அடைத்துவிட, 1752 ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். தென்னாட்டில் யார் கை ஓங்குவது என்ற கேள்விக்கு, இந்தத் தீவுதான் ஒரு முக்கியமான பதிலைச் சொன்னது.

நமக்கும் பிரெஞ்சு உறவு உண்டு. நம் தூய வளனார் கல்லூரியை 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கியவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். 1883-இல்தான் திருச்சிக்கு வந்தோம். நம் லூர்து அன்னை ஆலயத்தின் உச்சிக்கூர் கோபுரம் பிரான்ஸின் ஞாபகம்தான்.

இனி மனசை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கார்கசோன் மதிலை இடித்துவிட 1849-இல் பிரெஞ்சு அரசே முடிவு செய்தது. உள்ளூர் வரலாற்று ஆர்வலர் குரோ-மேர்வியேய் போன்றோர் எதிர்த்துப் போராடினார்கள். முடிவு கைவிடப்பட்டு, 1853 முதல் செப்பனிடும் வேலை நடந்தது. நம் திருச்சிக் கோட்டைக்கு அப்படிக் குரல் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. அதே 19-ஆம் நூற்றாண்டில் மதில் இடிபட்டது, அகழி தூர்க்கப்பட்டது. மிஞ்சியது நம் கல்லூரிக்குப் பக்கத்து மெயின்கார்டு கேட். மதில் போன இடத்தில் மேலப்புலிவார்டு ரோடு. ‘புலிவார்டு’ என்பது பிரெஞ்சுச் சொல். முதலில் கொத்தளத்தைக் குறித்து, பிறகு கொத்தளத்தை இடித்துப் போட்ட சாலைக்குப் பெயராயிற்று. நம் ஊர்ச் சரித்திரம் முழுக்க அந்த ஒரு போர்டில் இருக்கிறது!

ஸ்ரீரங்கம் கோயிலின் புனரமைப்புப் பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் கோபுரம் மட்டும் ஊராகிவிடாது. திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறுகின்றன. குடியிருப்போர் வசதியும் வேண்டும், மறுக்கவில்லை. முகப்பையும் திண்ணையையுமாவது விட்டுவைத்து உள்ளே மாற்றிக் கட்டலாமே?

மாணவர்களே, கையில் கேமரா இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் படமெடுத்து, பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். முடித்ததும் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து காவிரியைப் பாருங்கள். நாளைக்கு எவராவது இடிக்க வரும்போது, “இது இருந்தது, இப்படி இருந்தது” என்று காட்ட நம் கையில் ஒரு ஏடு வேண்டும்.