கம்பிக்கு எத்தனை எழுத்து?

அப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு நிரல், மூன்று கணினிகளில் மூன்று விதமாக நடந்துகொண்டது. என் லினக்ஸ் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடியது. தங்கச்சியின் மேக்கில் திறந்தது, ஆனால் தப்பாக அடித்ததை அழிக்க முடியவில்லை. "அண்ணா, அழிச்சா அழிய மாட்டேங்குது, ஏதோ குறி வந்து விழுது" என்றாள். கரூர் கடையில் இருக்கும் பழைய விண்டோஸ் கணினியில் திறக்கவே இல்லை.

சின்ன நிரல்தான். கருப்புத் திரை, கோடு போட்ட கட்டங்கள், மவுஸ் வேண்டாம். கடைக் கணினியில் பிரவுசர் திறந்தாலே மூச்சு வாங்கும், அதனால் டெர்மினலில் ஓடும்படி பைத்தானின் கர்சஸ் நூலகத்தை வைத்து எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் என்று நினைத்த வேலை அது. பிழைகளை ஒவ்வொன்றாகத் துரத்திப் போனதில், நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் போய் நின்றேன்.

டெர்மினல் என்று நாம் இன்று திறக்கும் ஜன்னல், ஒரு காலத்தில் உண்மையான இயந்திரம். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 காகிதத்தில் அடிக்கும்; நொடிக்கு 10 எழுத்து. காகிதத்தில் அடித்ததைத் திரும்பப் போய் மாற்ற வழியில்லை. பிறகு கண்ணாடித் திரை வந்தது. திரை வந்ததும் கர்சரை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆனால் நகர்த்தச் சொல்லும் மொழியை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. "ஐந்தாவது வரி, பத்தாவது இடத்துக்குப் போ" என்று சொல்ல வேண்டுமானால், லியர் சீக்லரின் ஏடிஎம்-3ஏவுக்கு எஸ்கேப்புக்குப் பின் சமக்குறி அனுப்ப வேண்டும். டெக் கம்பெனியின் விடி52-க்கு எஸ்கேப்புக்குப் பின் ஒய். அதே கம்பெனி 1978-இல் விட்ட விடி100-க்கு எஸ்கேப்புக்குப் பின் சதுர அடைப்புக்குறியும் எண்களும். ஒரு டெர்மினலுக்கு எழுதிய நிரல் பக்கத்து மேஜையில் குப்பையாக வந்தது.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் விஐ எடிட்டரை ஏடிஎம்-3ஏவில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த விசைப்பலகையில் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. விஐ பழகியவர்கள் இன்றும் அந்த நான்கு விசைகளால் நகர்வது அதனால்தான். எடிட்டர் மற்ற டெர்மினல்களிலும் ஓட வேண்டுமே? ஒவ்வொரு டெர்மினலும் எதற்கு என்ன எதிர்பார்க்கிறது என்று ஒரே கோப்பில் எழுதி வைத்தார். 1978-இல் அப்படிப் பிறந்தது டெர்ம்கேப். நிரல் தொடங்கும்போது "நீ எந்த டெர்மினல்?" என்று கேட்டு, கோப்பில் பார்த்து, அந்தப் பாஷையில் பேசும்.

அடுத்த சிக்கல் வேகம். வீட்டிலிருந்து தொலைபேசி வழியே 300 பாடில் இணைந்தால் நொடிக்கு சுமார் 30 எழுத்து வரும். 24 வரி, 80 நிரை கொண்ட திரையில் 1,920 இடங்கள். திரை முழுவதையும் திரும்ப வரைய 64 நொடி! அதனால் எது மாறியதோ அதை மட்டும் அனுப்ப வேண்டும். விஐக்குள் இருந்த இந்தக் கணக்கைப் பிரித்தெடுத்து, கென் ஆர்னால்ட் 1980 வாக்கில் தனி நூலகமாக்கினார். கர்சர் நகர்வைச் சிக்கனப்படுத்துவது என்பதிலிருந்து கர்சஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் சாபங்கள் என்றும் பொருள். வைத்தவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

கர்சஸ் உள்ளே செய்வது எளிமையானது. திரையின் இரண்டு பிரதிகளை நினைவில் வைத்திருக்கிறது: இப்போது திரையில் இருப்பதாக அது நம்புவது ஒன்று, நாம் இருக்க வேண்டும் என்று கேட்பது இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. மைக்கேல் டாயும் க்ளென் விக்மனும் சாண்டா குரூஸில் தொடங்கிய ரோக் விளையாட்டு, எழுத்துகளாலேயே நிலவறை வரைந்து புகழ் பெற்றது இந்த நூலகத்தின் தோளில்தான். "இருப்பதாக அது நம்புவது" என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

தங்கச்சியின் பிரச்சினைக்கு வருகிறேன். அழிக்கும் விசையை அழுத்தினால் சில டெர்மினல்கள் 8 என்ற எண்ணை அனுப்பும், சில 127-ஐ அனுப்பும். ஏன் 127? துளையிட்ட காகித நாடாவில் ஏழு துளைகளையும் போட்டுவிட்டால் 127. தப்பாகத் துளையிட்ட எழுத்தின் மேல் எல்லாத் துளையையும் போட்டு, "இதைக் கண்டுக்காதே" என்று சொல்வது. போட்ட துளையை அடைக்க முடியாது, மிச்சத்தையும் போட முடியும், அவ்வளவுதான் தர்க்கம். என் லினக்ஸில் கர்சஸ் அதைப் புரிந்துகொண்டு "பேக்ஸ்பேஸ்" என்று என் நிரலிடம் சொன்னது. மேக்கில் வெறும் 127 ஆகவே வந்து சேர்ந்தது. எட்டு, நூற்றிருபத்தேழு, பேக்ஸ்பேஸ் மூன்றையும் ஏற்றுக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். "ஆங், இப்ப அழியுதுண்ணா."

மேக்கில் இன்னொன்றும் பார்த்தேன். பெர்க்லியிலிருந்து பெல் ஆய்வகத்துக்குப் போன மார்க் ஹார்ட்டன், டெர்ம்கேப்புக்கு மாற்றாக டெர்ம்இன்ஃபோவைக் கொண்டுவந்தார். டெர்மினலுக்கு ஒரு கோப்பு. முதல் எழுத்தின் பெயரில் அடைவுகள். மேக்கில் மட்டும் அந்த அடைவுகளுக்கு எழுத்துக்குப் பதில் 61, 78 என்று பதினாறடிமான எண்களில் பெயர். மேக்கின் கோப்பு முறை வழக்கமாகப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும், அதனால் இந்த ஏற்பாடு.

யூனிக்ஸின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அதனால் 1982-இல் பவெல் கர்டிஸ் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு கர்சஸை எழுதினார். அதை எடுத்து ஜெய்ட் பென்-ஹலீம் 1993-இல் என்கர்சஸ் ஆக்கினார். 1990-களின் பின்பாதியிலிருந்து தாமஸ் டிக்கி அதைப் பராமரிக்கிறார். உலகத்து லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் நூலகத்தை ஏறத்தாழ ஒரே மனிதர் பல பத்தாண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறார். இதைப் படித்த அன்று என் அலுவலக வேலை கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

விண்டோஸ் வேறு குடும்பம். யூனிக்ஸில் திரைக்குப் போவது எழுத்துகளின் ஓட்டம். விண்டோஸ் கன்சோலில் நிரல் நேராக இயங்குதளத்தின் செயற்கூறுகளை அழைத்து, "இந்தக் கட்டத்தில் இதைப் போடு" என்று சொல்லும். பாஷை கிடையாது, மொழிபெயர்ப்பு அட்டவணையும் கிடையாது. அதனால் விண்டோஸில் பைத்தான் நிறுவினால் கர்சஸ் கூட வருவதில்லை. டாஸ், விண்டோஸுக்காக எழுதப்பட்ட பிடிகர்சஸை அடிப்படையாக வைத்து யாரோ செய்துவைத்த தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸ் 10 காலத்தில்தான் மைக்ரோசாஃப்ட் விடி100 வழி வந்த குறிகளைத் தன் கன்சோலுக்குக் கற்றுக்கொடுத்தது; 2018-இல் யூனிக்ஸ் பாணியில் போலி டெர்மினலும் கொண்டுவந்தது. 1978-இன் இயந்திரம் ஒன்று நாற்பது ஆண்டு கழித்து எதிர்முகாமையும் வென்றுவிட்டது.

தொகுப்பை நிறுவினேன். நிரல் திறந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்னடா இது, கோடு கோணலா போகுது?"

சரக்குப் பெயர்களைத் தமிழில் அடித்திருந்தார். ஆணி, கம்பி, கீல், தாழ்ப்பாள். ஒவ்வொரு வரியிலும் தொகை வெவ்வேறு இடத்தில் நின்றது. நான் அதுவரை சோதித்துப் பார்த்தது முழுக்க ஆங்கிலப் பெயர்களை வைத்து. அப்பாவின் பேரேடு தமிழில் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் தோன்றவில்லை. அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"கம்பி" என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? அப்பாவைக் கேட்டால் மூன்று: க, ம், பி. பைத்தானைக் கேட்டால் ஐந்து. புள்ளியும் கொக்கியும் அதற்குத் தனித்தனி. கோப்பில் எழுதினால் பதினைந்து பைட். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று. திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும்? நான்கு என்கிறது, கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் கூன் எழுதிப் பலரும் எடுத்தாண்ட அகலக் கணக்கு. யூனிகோடில் புள்ளி, இடம் பிடிக்காத குறி. இகரக் கொக்கி, இடம் பிடிக்கும் குறி. ஆனால் ஈகாரம் மறுபடி இடம் பிடிக்காத குறி. அந்தக் கணக்குப்படி "தி" இரண்டு கட்டம், "தீ" ஒரே கட்டம்! தமிழ் எழுதத் தெரிந்த எந்தக் குழந்தையும் சிரிக்கும்.

நான் பைத்தானின் ஐந்தை வைத்து இடைவெளி நிரப்பினேன். கர்சஸ் ஒரு எண்ணை நம்பியது, டெர்மினல் வேறொரு எண்ணுக்கு வரைந்தது. திரையில் இருப்பதாக அது நம்பியதும் உண்மையில் இருப்பதும் பிரிந்துவிட்டன. அதன் பிறகு அது அனுப்பிய ஒவ்வொரு வித்தியாசமும் தப்பான இடத்தில் போய் விழுந்தது. 80 நிரை என்பது ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையின் அளவு. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற அந்த ஏற்பாட்டில் நம் "கொ" எங்கே உட்காரும்?

பல வழி பார்த்தேன். கடைசியில் வேலை செய்தது மிகச் சாதாரணமானது: தேதி, அளவு, தொகை எல்லாவற்றையும் முன்னால் போட்டு, சரக்கின் பெயரை வரியின் கடைசிக்குத் தள்ளினேன். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் அகலம் தப்பினாலும் கோடு கோணவில்லை.

அப்பா பார்த்தார். "பேரேட்டுல பேருதான்டா முதல்ல வரும்."

"தெரியும்ப்பா. கம்ப்யூட்டருக்கு அப்படி வைக்க முடியல."

"கம்ப்யூட்டரால முடியலையா, உன்னால முடியலையா?"

பதில் சொல்லவில்லை. இரண்டும் முழு உண்மை இல்லை. சில புதிய டெர்மினல்கள் இப்போது முழு எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்து அளக்க முயல்கின்றன. அளவு சரியா என்று பார்க்க, "தி" எது, "தீ" எது என்று கண்ணால் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். பில் ஜாய் தன் மேஜையில் இருந்த டெர்மினலுக்காக எழுதினார், அது உலகத்துக்கே வழக்கமாயிற்று. நம் மேஜையில் இருப்பதை நாம் சோதிக்காவிட்டால் வேறு யார் சோதிப்பார்கள்? போன வாரம் ஒரு டெர்மினல் நிரலுக்கு என் முதல் பிழை அறிக்கையை அனுப்பினேன். எடுத்துக்காட்டாகக் கொடுத்த சொல் "கம்பி".

அப்பா இப்போது மாதக் கூட்டல் போட மட்டும் என் நிரலைத் திறக்கிறார். அன்றாடக் கணக்கு, பேரை முதலில் போட்டு, நோட்டில் நடக்கிறது.