வில்பத்து: புத்தளக் கரையோரத்துப் பெருங்காடு

வில்பத்து என்பது இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம், அனுராதபுரம் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் வறண்ட வலயக் காடு. தெற்கே கலா ஓயாவும் வடக்கே மோதரகம் ஆறும் எல்லை. மேற்கே டச்சுக் குடாவும் போர்த்துக்கல் குடாவும், அவற்றுக்கு அப்பால் மன்னார் வளைகுடாவும். தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். தீவின் மிகப் பெரிய பூங்காக்களில் இதுவும் ஒன்று. புத்தளம் நகரத்தார்க்கு இது பக்கத்துக் காடு. வடக்கே 26 கிலோமீற்றர் போனால் போதும்.

மனிதர் கால் படாத காடு என்று எண்ணி இங்கே வருகிறவர்கள் பாதி வில்பத்தைத்தான் பார்க்கிறார்கள். இந்த மண்ணில் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள், இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள், குளம் கட்டி நெல் விளைத்திருக்கிறார்கள். அவர்கள் போன இடத்தில் காடு வளர்ந்தது. பிற்காலத்தில் வேட்டைக்காரரும் அரசும் போரும் அகதிகளும் ஒருவர்பின் ஒருவராக இதற்குள் வந்தார்கள். எங்கே காடு முடிந்து எங்கே ஊர் தொடங்குகிறது என்ற கேள்வி இங்கே மிகப் பழையது. அண்மைக் காலத்திலும் அதற்காக வழக்குகள் நடந்திருக்கின்றன.

காட்டுக்குத் தனி அடையாளம் தருபவை வில்லுகள். மணற்கரை சூழ்ந்த, ஆழம் குறைந்த இயற்கை நீர்நிலைகள் அவை. ஆறோ வாய்க்காலோ அவற்றை நிரப்புவதில்லை. வானம் பெய்யும் நீர்தான் தேங்கி நிற்கிறது. இத்தகைய நீர்நிலைகள் பூங்காவில் அறுபதளவில் உண்டு. காலி வில்லு, மகா வில, பனிக்க வில என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. செப்டெம்பருக்குப் பிறகு பெய்யும் மழையும் வடகீழ்ப் பருவமழையும் நிரப்பிவிட்டுப் போன நீர், மே மாதம் முதல் மெல்ல வற்றத் தொடங்கும். நீர் பின்வாங்கப் பின்வாங்கப் புல் முளைக்கும். புல்லைத் தேடிப் புள்ளிமான் கூட்டம் வரும், மானைத் தேடிச் சிறுத்தை வரும். தீவில் சிங்கமும் வேங்கையும் இல்லாததால் சிறுத்தைக்கு மேலே அஞ்சத்தக்க விலங்கு எதுவும் இங்கில்லை. அதனால்தான் மற்ற நாடுகளில் பெரும்பாலும் இரவில் நடமாடும் இந்தப் பிராணி வில்பத்தில் பட்டப்பகலிலேயே மணற்பாதையில் படுத்திருப்பதைக் காண முடிகிறது என்பது பலரது கருத்து. நீரிலும் கரையிலும் முதலைகள் கிடக்கும். யானை, மரை, காட்டெருமை, சருகுமான் எல்லாம் உண்டு.

கடற்கரையிலிருந்து உள்ளே வர வரக் காடு உயரும். கரையில் உப்புப் புல்லும் தாழ்ந்த முட்புதரும். அதைத் தாண்டினால் வீரை, பாலை, முதிரை, கருங்காலி என்று வன்மரங்கள். இவற்றுள் பாலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கோடையில் பழுக்கும் அதன் சிறிய மஞ்சள் பழத்தின் இனிப்பை வன்னியிலும் மன்னாரிலும் வளர்ந்த எவரும் மறப்பதில்லை. பழம் வாய்க்குள் ஒட்டும், விரலும் பிசுபிசுக்கும், ஆனாலும் கையை எடுக்க மனம் வராது. அந்தப் பழத்துக்காகவே கரடிகள் மரமேறுகின்றன. கரடியைக் காண வேண்டுமானால் பாலைப்பழக் காலத்தில் வர வேண்டும் என்று இங்குள்ள வழிகாட்டிகள் சொல்வது அனுபவத்தில் வந்த சொல்.

காட்டின் மனித வரலாறு பொம்பரிப்பிலிருந்து தொடங்குகிறது. பொன்பரப்பி என்றும் வழங்கும் இவ்விடம் கலா ஓயாவின் வடகரையில், பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. 1920களில் தொல்பொருள் ஆணையாளர் ஏ. எம். ஹோகார்ட் இங்கே தாழிகளைத் தோண்டி எடுத்தார். 1956-57இல் தொல்பொருள் திணைக்களமும், 1970இல் தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினரும் அகழ்வைத் தொடர்ந்தனர். நிலத்துக்கடியில் பெரிய மண்தாழிகள் நெருக்கமாகப் புதைந்திருந்தன. ஒரே தாழிக்குள் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள், கருப்பு-சிவப்பு மட்கலங்கள், மணிகள் கிடைத்தன. கடலுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றை ஆய்வாளர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். கி.மு. முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் இறந்தவர்க்கு ஒரேவிதமாகச் சடங்கு செய்த மக்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இலங்கைத் தமிழ் வாசகர் இந்த இடத்தை இன்னும் போதிய அளவு அறியாமல் இருப்பது பெருங்குறை.

கதைகளும் இந்தக் காட்டை விட்டுவைக்கவில்லை. விசயன் கரையிறங்கிய தம்பபண்ணி இந்தக் கரையே என்றும், காலி வில்லுவுக்கு அருகே கிடக்கும் இடிபாடுகள் குவேனியின் மாளிகை என்றும் சிங்கள மரபு சொல்கிறது. துட்டகைமுனுவின் மகன் சாலியன், தான் விரும்பி மணந்த அசோகமாலாவுடன் இந்தக் காட்டிலுள்ள மரதன்மடுவில் வாழ்ந்தான் என்பது இன்னொரு மரபு. பூங்காவின் வடமேற்கு மூலையில், செம்மண் மேடாகக் கடலைப் பார்த்து நிற்கும் குதிரைமலைக்கு வந்தால் கதை தமிழுக்கு மாறுகிறது. முத்துக்குளிப்பை ஆண்ட அல்லி அரசாணி இருந்த இடம் அது என்பது தமிழர் நம்பிக்கை. உரோம ஆசிரியர் பிளினி எழுதிய ஒரு செய்தியும் இந்த மேட்டோடு சேர்த்துப் பேசப்படுகிறது. செங்கடலில் வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவனின் பணியாள், அரேபியாவைச் சுற்றிச் செல்லும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தானாம். ஆறு மாதம் அரசனின் விருந்தாளியாக இருந்தான்; பின்னர் உரோமுக்கு நான்கு தூதர் போனார்கள். அந்தத் துறை குதிரைமலையே எனப் பலர் கொள்கின்றனர்.

1344இல் உலகப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கியபோது அங்கே யாழ்ப்பாண அரசனான ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சி இருந்தது. வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததைக் கண்டதாக அவர் எழுதுகிறார். உள்நாட்டில் அனுராதபுரமும் பொலன்னறுவையும் வீழ்ந்து, குளங்கள் உடைந்து, மக்கள் தெற்கே நகர்ந்த காலம் அது. வில்பத்துக்குள் இன்று மரங்களுக்கிடையே மண்மேடாகத் தெரியும் பழைய குளக்கட்டுகள் அந்த வீழ்ச்சியின் மிச்சங்கள். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, கண்டியரசனின் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், வில்பத்துக்கு வடக்கே மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியே நடந்து 1679 ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஆள் இல்லாத காடு அவருக்கு அடைக்கலமானது. முன்னொரு காலத்தில் அதே பக்கம் நெல்வயலாக இருந்திருக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் காடு வேட்டைக்களமானது. யானையும் சிறுத்தையும் மானும் கணக்கின்றிச் சுடப்பட்டன. 1894இல் அமைந்த வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்களே. சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலையிலிருந்துதான் இலங்கையில் வனப் பாதுகாப்பு பிறந்தது. 1905இல் வில்பத்து சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் காட்டின் வடக்கு விளிம்பிலுள்ள மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புக்காகப் பல்லாயிரம் பேர் கூடும் தற்காலிக நகரம் ஒன்று மணலில் எழுந்தது. இளம் அதிகாரியாக அங்கே பணிபுரிந்த லெனார்ட் வூல்ஃப் அதை வைத்துப் பின்னர் சிறுகதை எழுதினார்.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1938 பெப்ரவரி 25 அன்று வில்பத்து தேசியப் பூங்கா ஆனது. யால பூங்காவானதும் அதே நாளில்தான். 1967, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் புதிய பகுதிகள் சேர்ந்து பூங்கா இன்றைய அளவுக்கு வளர்ந்தது. ஐசன்பர்க், லொக்ஹார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வில்பத்து விலங்குகளைப் பற்றி எழுதிய ஆய்வு 1972இல் வெளிவந்தது; தெற்காசியக் காடுகளைப் பற்றிப் படிப்போர் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். எழுபதுகளில் சிறுத்தை பார்க்க வருவோருக்கு வில்பத்துதான் முதலிடம். வில்லுகளின் கரையில் வனவிலங்குத் திணைக்களத்தின் விடுதிகள் நிரம்பி வழிந்தன.

பிறகு போர் வந்தது. 1985 மே 14 அன்று அனுராதபுரத்தில் பொதுமக்களைக் கொன்ற விடுதலைப் புலிகளின் அணி, திரும்பும் வழியில் வில்பத்துக்குள்ளும் 18 சிங்களவரைக் கொன்றது. 1988 டிசம்பரில் பூங்கா மூடப்பட்டது. அடுத்த பதினான்கு ஆண்டுகளும் விடுதிகள் பாழாயின, மரமும் இறைச்சியும் களவு போயின. 2003 மார்ச் 16இல், போர்நிறுத்தக் காலத்தில், மறுபடி திறந்தார்கள். 2006 மே மாதம் ஒரு ஜீப் கண்ணிவெடியில் சிக்கி, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தனர். அவர்களுள் ஒருவர் ஆங்கில நாவலாசிரியர் நிஹால் டி சில்வா. ஒரு சிங்கள இராணுவ அதிகாரியும் ஒரு தமிழ்ப் பெண் போராளியும் இந்தக் காட்டு வழியே சேர்ந்து நடப்பதாக அவர் எழுதிய நாவல் 2003இல் கிரேஷியன் பரிசு பெற்றிருந்தது. தான் நேசித்து எழுதிய காட்டிலேயே அவர் உயிர் போனது. பூங்கா மீண்டும் மூடப்பட்டு 2010 பெப்ரவரியில்தான் திறந்தது.

போர் இந்தக் காட்டுக்குச் செய்ததில் இன்னும் தீராத பங்கு வடக்கு விளிம்பில் இருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினார்கள். மன்னார் மாவட்டத்து முசலிப் பகுதியினர் பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் அங்கிருந்து புத்தளத்துக்கும் வந்து, கிடுகுக் கொட்டில்களில் இருபது ஆண்டு அகதிகளாக இருந்தார்கள். அவர்கள் விட்டுவந்த மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முதலிய ஊர்களின் தோட்டங்களில் அதற்குள் மரம் வளர்ந்துவிட்டது. 2009க்குப் பிறகு அவர்கள் திரும்பியபோது, அந்தப் பக்கத்து நிலத்தை 2012ஆம் ஆண்டின் வர்த்தமானி ஒதுக்கக் காடாக அறிவித்தது. வீடு கட்டக் காடு வெட்டப்பட்டபோது, வில்பத்தை அழிக்கிறார்கள் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. வெட்டப்பட்ட இடம் தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே இருந்தது. ஆனால் பூங்காவோடு ஒட்டிய காடு என்பதும், யானைக்கும் மானுக்கும் அந்த எல்லை தெரியாது என்பதும் உண்மை. 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மாவில்லு பேணற்காடு என்ற பெயரில் 40,030 ஹெக்டேயரை ஒதுக்கும் வர்த்தமானியில் கையெழுத்திட்டார். தங்களைக் கேட்காமல் வரைபடத்தில் கோடு போட்டார்கள் என்பது ஊராரின் முறைப்பாடு. 2020 நவம்பர் 16 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம், சுற்றாடல் நீதிக்கான நிலையம் தொடுத்த வழக்கில், அங்கே காடழித்தது சட்டவிரோதம் என்றும் அதற்குப் பொறுப்பான முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தமது செலவில் மரம் நட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சட்டம் காட்டைக் காத்ததில் தவறில்லை. ஆனால் துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டவர்களின் இருபதாண்டு இல்லாமையே அந்த நிலத்தைக் காடாக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. காட்டைக் காக்கப் பேசுவோரில் சிலர் அம்மக்களையே காட்டின் பகைவர்களாகக் காட்டியது அநீதி.

புத்தளத்திலிருந்து எலுவாங்குளம், பொம்பரிப்பு வழியாக மரிச்சுக்கட்டிக்கும் மன்னாருக்கும் போகும் பழைய பாதையும் நீதிமன்றம் ஏறியது. போருக்குப் பிறகு அது பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதை எதிர்த்து சுற்றாடல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. பாதை மூடினால் மன்னாருக்குச் சுற்றிப் போகும் தூரம் மிக நீளம் என்பது கரையோர மக்களின் வாதம். பூங்காவை ஊடறுத்து வாகனம் ஓடினால் விலங்கு சாகும், பாதையோரம் கடை முளைக்கும் என்பது மறுபக்கம்.

2013இல் வில்பத்தின் நீர்நிலைகளும் சூழலும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இலங்கையின் ஆறாவது ராம்சர் தலம் அது.

இன்று காட்டுக்குப் போக இரண்டு வாயில்கள் உண்டு. கிழக்கே ஹுனுவில்கம, அனுராதபுரம் பக்கமிருந்து வருவோர் பெரும்பாலும் அதையே பயன்படுத்துகிறார்கள். தென்மேற்கே எலுவாங்குளம்; புத்தளத்தாருக்கு அதுவே கிட்ட. அந்த வழியில் கலா ஓயாவைக் கடக்கும் சப்பாத்துப் பாலம் மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும், ஆகவே ஓயாவின் நிலையை முதலில் விசாரித்துக்கொள்வது அவசியம். உள்ளே ஜீப்பில்தான் செல்ல வேண்டும்; குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. அதிகாலையில் நுழைந்து, ஒரு வில்லுவின் கரையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பொறுத்திருப்பது, சிறுத்தையைத் தேடிப் பாதைதோறும் விரைவதைவிட நல்ல பலன் தரும்.

சுற்றுலாப் பயணிகள் மட்டும் இங்கே வருவதில்லை. காட்டுக்குள் இருக்கும் பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்குச் சிலாபம், நீர்கொழும்பு, புத்தளம் பக்கத்துக் கத்தோலிக்கர், தமிழரும் சிங்களவருமாக, ஆண்டுதோறும் எலுவாங்குளம் வழியே போகிறார்கள். கரையில் பூக்குளம் மீனவர் வாடிகள் உண்டு. காட்டின் தெற்கு ஓரத்தில், கலா ஓயா புத்தளம் களப்பில் கலக்குமிடமான கங்கேவாடியில் இலங்கையின் மிகப் பெரிய கண்டல் பரப்புகளில் ஒன்று நிற்கிறது. அங்குள்ள மீனவரின் தோணியில் ஏறினால் கண்டல் வேர்களுக்கு நடுவே ஓயாவின் வாய்வரை போய்வரலாம். அதற்குப் பூங்கா அனுமதிச் சீட்டு தேவையில்லை.